வாடிக்கையாளர் போனுக்கு விளம்பரம் அனுப்பும் முன்: கடைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கடைக்கு ஓர் ஆள் வருவார். பத்தாயிரம் எஸ்எம்எஸ் என்றால் இவ்வளவு, ஒரு லட்சம் என்றால் இன்னும் குறைத்துத் தருகிறோம், உங்களிடம் நம்பர் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், ஏரியா வாரியாக டேட்டாவும் நாங்களே போட்டுக் கொடுத்துவிடுவோம் என்பார். ஜவுளிக்கடை, மொபைல் கடை, ஸ்வீட் ஸ்டால், டியூஷன் சென்டர், பல் டாக்டர் என்று யாரையும் விடுவதில்லை. நோட்டீஸ் அடித்து பேப்பருக்குள் வைத்து விநியோகிப்பதைவிட மலிவாகத் தெரிவதால் நிறையப் பேர் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள். தலையாட்டுவதற்கு முன் படிக்கவேண்டியது இது.

போனில் வரும் விளம்பரத்தை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எதைத் திறக்காமலே அழிக்கிறார்கள், எதைத் தேடி வைத்துப் படிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொட்டினால், அந்தப் பணம் போவதோடு கடையின் பெயரும் சேர்ந்து போகும். அந்த நம்பரை அவரே, தன் விருப்பத்தோடு உங்களிடம் கொடுத்தாரா, இல்லையா என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. மீதிப் பாதியை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: உங்கள் போனையே திறந்து பாருங்கள்

உங்கள் எஸ்எம்எஸ் இன்பாக்ஸைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். முன்கூட்டியே அப்ரூவ் ஆன பர்சனல் லோன், டிடிசிபி அப்ரூவ்டு மனை, ரம்மி, எப்போதோ ஊருக்குப் போன இடத்தில் ஒரே ஒரு சட்டை எடுத்த கடை, இப்படி வரிசையாகக் கிடக்கும். இவற்றில் எத்தனையைத் திறந்தீர்கள் என்று பாருங்கள். அதே இன்பாக்ஸில் பைக் சர்வீஸ் தேதியைச் சொன்ன மெசேஜும், குழந்தைக்குத் தடுப்பூசி போடவேண்டிய நாளை நினைவூட்டிய கிளினிக் மெசேஜும் இருக்கும். அதை அனுப்பியவர்களும் தொழில் செய்பவர்கள்தான், நீங்கள் வந்தால் அவர்களுக்கும் வருமானம்தான், ஆனால் அதை விளம்பரம் என்று நீங்கள் நினைக்கவே இல்லை, ஏனென்றால் அது உங்களுக்குத் தேவையான நாளில், நீங்கள் நம்பர் கொடுத்த இடத்திலிருந்து வந்தது.

போன் கால் என்றால் இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் டெஸ்ட் கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பவர், இன்டர்வியூ முடித்துவிட்டு எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று போனைக் கையிலேயே வைத்திருக்கும் பையன், இவர்களெல்லாம் தெரியாத நம்பர் என்றாலும் ஓடி வந்து எடுக்கிறார்கள். மறுமுனையில் பதிவு செய்த குரல் மனை விற்கிறது. அந்த நொடியில் வரும் கோபம் எந்தப் பெயரைச் சொன்னார்களோ அந்தப் பெயர்மேல் ஒட்டிக்கொள்ளும். கீபேட் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை: ஒவ்வொரு மெசேஜாக அழிக்கவேண்டும், இன்பாக்ஸ் நிறைந்துவிட்டால் பென்ஷன் மெசேஜ் வந்ததா வரவில்லையா என்றே தெரியாமல் பேரனைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

படி 2: எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று ஏற்கெனவே தெரிந்தது

இதைப் பற்றி ஆய்வு நடந்து வெகு காலமாகிறது. 1996-ல் ராபர்ட் டுகோஃப் என்பவர் இணைய விளம்பரத்துக்கு மக்கள் மதிப்பு கொடுப்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது என்றார்: அதில் தகவல் இருக்கிறதா, சுவாரசியமாக இருக்கிறதா, எரிச்சலூட்டுகிறதா. பின்னால் வந்தவர்கள் நம்பகத்தன்மையையும் சேர்த்துக்கொண்டார்கள். 2004-ல் தைவானில் மெலடி சாங், ஷு-சுன் ஹோ, டிங்-பெங் லியாங் ஆகிய மூவரும் இதையே மொபைல் விளம்பரத்துக்குப் பொருத்திப் பார்த்தார்கள். பொதுவாக மக்களுக்கு மொபைல் விளம்பரம் பிடிப்பதில்லை, ஆனால் தாங்களே சம்மதம் கொடுத்திருந்தால் அந்த மனநிலை மாறுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முன்பே, எஸ்எம்எஸ் காலத்திலேயே தெரிந்துவிட்ட விஷயம் இது.

நம் நாட்டிலேயே இதற்குப் பளிச்சென்று ஓர் உதாரணம் உண்டு. 2013 வாக்கில் இந்துஸ்தான் யூனிலீவர் பீகாரிலும் ஜார்க்கண்டிலும் கான் கஜூரா டேசன் என்று ஒன்றை ஆரம்பித்தது. கரண்ட் சரியாக இல்லாத, டிவி போய்ச் சேராத கிராமங்கள் நிறைய உள்ள பகுதி, ஆனால் கையில் சாதாரண போன் இருக்கிறது. ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைத்து சுமார் 15 நிமிடம் பாட்டும் ஜோக்கும் இலவசமாகக் கேட்க வைப்பார்கள், நடுநடுவே அவர்களுடைய சோப்பு, பேஸ்ட் விளம்பரம் வரும். மக்கள் தாங்களே மிஸ்டு கால் கொடுத்து விளம்பரத்தைக் கேட்டார்கள். 2014-ல் பிரான்சின் கான் (Cannes) நகரில் நடந்த விளம்பர விழாவில் அதற்கு மூன்று தங்க விருது கிடைத்தது. போனில் விளம்பரம் என்றாலே வெறுப்பு என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்: அங்கே அழைப்பு கேட்பவரிடமிருந்து தொடங்கியது, அவருக்கு வேண்டிய ஒன்று கையோடு கிடைத்தது, வேண்டாம் என்றால் மிஸ்டு கால் கொடுக்காமல் இருந்தால் போதும்.

இலவசம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் 2007-ல் பிளிக் என்ற நெட்வொர்க் 16 முதல் 24 வயதுவரை உள்ளவர்களுக்கு, விளம்பரம் பெறச் சம்மதித்தால் மாதம் 217 எஸ்எம்எஸ்ஸும் 43 நிமிடப் பேச்சும் இலவசம் என்று கொடுத்தது. இளைஞர்கள் சேர்ந்தார்கள், ஆனாலும் 2009-லேயே அங்கே தனி நெட்வொர்க்காக நடத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு சின்ன கடை குலுக்கல் பரிசு வைத்து நம்பர் வாங்கினால், பரிசுக்காக வந்தவர்களின் நம்பர்தான் கையில் நிற்கும்.

படி 3: உங்கள் வாடிக்கையாளரிடமே கேளுங்கள், ஆனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

"எங்கள் ஆஃபர் மெசேஜ் பிடிச்சிருக்காங்க?" என்று முதலாளியே கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்குங்க" என்றுதான் சொல்வார்கள். மூஞ்சிக்கு நேரே இல்லை என்று சொல்வது நம் பழக்கத்தில் இல்லை. அதனால் கேட்பவர் நீங்களாக இருக்கக்கூடாது. காலேஜ் படிக்கும் ஒரு பெண்ணையோ பையனையோ வைத்து, கடைப் பெயரை முன்னிறுத்தாமல், வெளியே வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

அபிப்பிராயம் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது நல்லது. விளம்பரம் பிடிக்குமா என்றால் பிடிக்காது என்பார்கள், அதே ஆள் போன வாரம் ஒரு மெசேஜைப் பார்த்துவிட்டு மிக்ஸி வாங்கியிருப்பார். அதனால் இப்படிக் கேட்கலாம்: கடைசியாக எந்தக் கடையிலிருந்து மெசேஜ் வந்தது, அதை என்ன செய்தீர்கள்? மெசேஜைப் பார்த்து எப்போதாவது ஏதாவது வாங்கியதுண்டா, என்ன வாங்கினீர்கள்? எந்தக் கடையை பிளாக் செய்தீர்கள், எதனால்? அப்புறம் மிக முக்கியமான ஒன்று, பலர் கேட்கவே மறந்துவிடுவது: கடையில் கொடுக்கும் நம்பர் யார் கையில் இருக்கும் போன்?

இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள் உங்கள் திட்டத்தையே மாற்றிவிடும். கணவர் நம்பர், மகன் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், வீட்டில் எல்லோரும் எடுக்கும் பொது போன் என்று வரும். அப்படியிருக்கும்போது பெண்களுக்கான உள்ளாடை ஆஃபரோ, மகப்பேறு தொடர்பான பொருளோ, வீட்டுக்குத் தெரியாமல் சேர்க்கும் நகைச் சீட்டுத் தவணையோ அந்த நம்பருக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சீட்டு விஷயம் சிரிப்பதற்கு இல்லை, தன் பெயரில் கொஞ்சம் தங்கம் சேர்த்துவைக்க நினைக்கும் பெண்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. ஒரு நம்பர் என்றால் ஒரே ஆள் என்று நினைத்து எழுதும் மெசேஜ் ஒரு வீட்டில் சண்டை மூட்டிவிடும்.

முப்பது பேரிடம் பொறுமையாகப் பேசினால் ஆரம்பத்துக்குப் போதும், வயதில் பெரியவர்களும் கீபேட் போன்காரர்களும் அதில் இருக்கவேண்டும் என்பதுதான் கவனிக்கவேண்டியது. எம்பிஏ புராஜெக்ட்டுக்காக இதே தலைப்பை எடுக்கும் மாணவர்களும் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கூகுள் ஃபார்ம் லிங்க் போட்டு நண்பர்களிடமே நிரப்பி வாங்கிவிட்டு, நுகர்வோர் மனநிலை என்று தலைப்புப் போட்டால், அதில் உங்கள் அம்மாவும் தாத்தாவும் இருக்கமாட்டார்கள்.

படி 4: பில் கவுன்டரில் நம்பர் கேட்கும் முறை

ஒரு கடையில் நின்று கவனித்தால் தெரியும். பில் போடும் இடத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஸ்கேன் செய்வதற்கு முன்பே "மேடம், நம்பர் சொல்லுங்க" என்று திரையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார் பையன். அந்தப் பெண் ஒரு கணம் தயங்கி, பின்னால் நிற்கும் ஆண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். கேட்கவில்லை என்று பையன் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறான், பத்து இலக்கமும் வரிசை முழுக்கக் கேட்கிறது. கடைசி இலக்கத்தை வேண்டுமென்றே மாற்றிச் சொல்பவர்கள் ஏன் மாற்றிச் சொல்கிறார்கள் என்று அந்த இடத்தில் நின்று பார்த்தால் உடனே புரிந்துவிடும். அப்படி மாற்றிச் சொன்ன நம்பர் வேறு யாருடையதோ, உங்கள் மெசேஜ் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறைக் கடைகளுக்கு அறிவுறுத்தல் கொடுத்தது: வாடிக்கையாளரின் மொபைல் நம்பரைக் கட்டாயப்படுத்திக் கேட்கக்கூடாது, நம்பர் கொடுக்காவிட்டால் விற்கமாட்டோம் என்பது முறையற்ற வணிகம். பில் போட நம்பர் தேவையே இல்லை. மென்பொருளில் அந்தக் கட்டம் கட்டாயமாக இருந்தால், போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

கேட்கும் விதம் இப்படி இருக்கட்டும். பில் முடிந்து, பணம் வாங்கி, பையைக் கையில் கொடுத்த பிறகு: "அக்கா, புது ஸ்டாக் வந்தா மாசத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்பலாமா? வேண்டாம்னாலும் பரவாயில்லைங்க." சரி என்றால் ஒரு சின்ன சீட்டையோ டேப்லெட்டையோ நீட்டுங்கள், அவரே எழுதட்டும். அதில் தமிழில் மூன்றே வரி: எதற்காக நம்பர், மாதத்துக்கு எத்தனை மெசேஜ், நிறுத்தவேண்டும் என்றால் என்ன செய்யவேண்டும். எஸ்எம்எஸ்ஸா வாட்ஸ்அப்பா என்று டிக் அடிக்க இரண்டு கட்டம். கட்டம் காலியாக இருக்கவேண்டும், நீங்களே முன்கூட்டி டிக் அடித்து வைக்கக்கூடாது.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது: சம்மதம் தானாக, தெளிவாக, குறிப்பிட்ட ஒரு காரணத்துக்காகக் கொடுத்ததாக இருக்கவேண்டும், கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கவேண்டும், விவரத்தை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்க வழி இருக்கவேண்டும், அதாவது தமிழிலும். 2025 நவம்பரில் அதற்கான விதிகள் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்காமல் இப்போதே இந்தச் சீட்டு முறைக்கு மாறிவிடுவதுதான் நல்லது.

இப்படிக் கேட்டால் லிஸ்ட் சின்னதாகத்தான் இருக்கும். அந்தச் சின்ன லிஸ்ட்தான் வேலைக்கு ஆகும்.

படி 5: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள், சுருக்கமாக

வாடிக்கையாளர் பக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1909-க்கு அழைத்தோ, ஆங்கிலத்தில் ஸ்டார்ட் 0 என்று டைப் செய்து அதே நம்பருக்கு அனுப்பியோ எல்லா விளம்பரத்தையும் அவர் தடுத்துவிடலாம். வங்கி, ரியல் எஸ்டேட், கல்வி, சுகாதாரம், நுகர்பொருள், பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு என்று வகை பார்த்துத் தடுக்கவும் வழி உண்டு. பத்து இலக்கச் சாதாரண நம்பரிலிருந்து தொல்லை வந்தால், அவர் டிஎன்டி என்ற, விளம்பரம் வேண்டாம் என்னும் பதிவைச் செய்திருக்காவிட்டாலும் புகார் கொடுக்கலாம். 2025 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில் புகார் கொடுக்கும் அவகாசத்தை மூன்று நாளிலிருந்து ஏழு நாளாக்கினார்கள், பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே அனுப்புபவர்மேல் நடவடிக்கை என்றும் ஆக்கினார்கள்.

இனி உங்கள் பக்கம். 2018 விதிகளின்படி, தொழில் ரீதியாக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமென்றால் ஏதாவது ஒரு டெலிகாம் நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில், அதாவது அனுப்புபவர்களையும் மெசேஜ்களையும் பதிந்துவைக்கும் இணையதளத்தில், உங்கள் கடையைப் பதிவு செய்யவேண்டும். பான், ஜிஎஸ்டி போன்ற ஆவணங்களோடு முதலில் நிறுவனப் பதிவு, பிறகு மெசேஜில் அனுப்புநராகத் தெரியும் ஹெடர், பிறகு அனுப்பப்போகும் மெசேஜின் டெம்ப்ளேட். பெயர், தேதி, தொகை மாதிரி மாறும் இடங்களை மட்டும் காலியாக விட்டு மீதியை அப்படியே பதிவு செய்யவேண்டும். அதில் எழுத்து மாறினால் மெசேஜ் போகாது. லிங்க் வைப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும், 2024 அக்டோபர் முதல் பதிவில்லாத லிங்க் உள்ள மெசேஜ்கள் வழியிலேயே தடுக்கப்படுகின்றன. இப்போது ஹெடரின் கடைசியில் பி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. அதாவது திறப்பதற்கு முன்பே இது விளம்பரம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சேவை மெசேஜ் என்று பதிவு செய்துவிட்டு உள்ளே ஆஃபரைத் திணிப்பவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

போன் கால் செய்வதென்றால் விளம்பரத்துக்கு 140 என்று தொடங்கும் நம்பர் வரிசைதான். கடைப் பையன்களிடம் நாலைந்து சிம் கொடுத்து உட்கார வைத்து அழைக்கச் சொல்வது பழைய வழக்கம், அதை இன்றோடு விட்டுவிடுங்கள். பதிவில்லாமல் அப்படி அழைப்பவர்களின் எல்லா இணைப்பையும் துண்டித்து, இரண்டு வருடம்வரை கறுப்புப் பட்டியலில் வைக்கவேண்டும் என்று 2024 ஆகஸ்டில் டிராய் உத்தரவு போட்டது. கடைக்கு ஆர்டர் வரும் நம்பரும் அதோடு போய்விடும்.

ஏஜென்ட் தரும் டேட்டாவை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அதில் இருக்கும் ஒருவர்கூட உங்கள் கடைக்கு நம்பர் கொடுத்ததில்லை.

படி 6: மெசேஜ் எழுதுவது

தமிழில் எழுதுங்கள், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோட் என்பதால் 70 தான், அதைத் தாண்டினால் துண்டுக்கு 67 என்று பிரிந்து ஒவ்வொன்றுக்கும் காசு. இதிலும் ஒற்று, புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'நீங்கள்' என்பது நம் கண்ணுக்கு நாலு எழுத்து, கணக்கில் ஏழு. அதனால்தான் பல கடைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகின்றன, அதைப் படிக்கும் பெரியவர்கள் பாடு கஷ்டம். இரண்டு துண்டுக்கோ மூன்று துண்டுக்கோ காசு கொடுத்தாலும் தமிழ் எழுத்திலேயே அனுப்புங்கள் என்பதுதான் என் கட்சி. லிஸ்ட் சின்னதாக இருந்தால் அந்தச் செலவு தாங்கும்.

வழக்கமாக வரும் மெசேஜ் இப்படி இருக்கும்:

"அன்பான வாடிக்கையாளரே! மெகா அதிரடி ஆடித் தள்ளுபடி! 50% வரை! இன்றே கடைசி! வாரீர் வாரீர்! நிபந்தனைக்கு உட்பட்டது."

இதில் ஒரு தகவல்கூட இல்லை. எந்தப் பொருள், என்ன விலை, எத்தனை மணிவரை, ஒன்றும் தெரியாது. 'வரை' என்ற சொல்லுக்குள் எல்லாம் ஒளிந்திருக்கிறது, கடைக்குப் போனால் ஓரமாக ஒரே ஒரு ரேக்கில் மட்டும்தான் பாதி விலை. இன்றே கடைசி என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் அதையே அனுப்புவது இன்னும் கெடுதல். 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் ஏமாற்று உத்திகளுக்கு எதிராகக் கொண்டுவந்த வழிகாட்டுதலில், பொய்யான அவசரம் காட்டுவதும் விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாமல் மறைப்பதும் பட்டியலில் இருக்கின்றன. ஆன்லைன் கடைகளை மனதில் வைத்து எழுதியது என்றாலும், ஏமாற்றப்பட்டவருக்கு வரும் கோபம் எங்கும் ஒன்றுதான்.

இப்படி எழுதிப் பாருங்கள், முன்னால் கடைப் பெயர், பிறகு:

"பள்ளிச் சீருடை எல்லா அளவும் வந்துவிட்டது. சட்டை 380 முதல். ஞாயிறும் காலை 10 - இரவு 8. அளவு மாற்ற பில் போதும். நிறுத்த: கடை நம்பருக்கு 'வேண்டாம்' என்று அனுப்பவும்."

ஜூன் முதல் வாரத்தில் பிள்ளை வைத்திருக்கும் வீட்டுக்கு இது போனால், எடுத்துப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்கும் காட்டுவார்கள். ஆச்சரியக்குறி ஒன்றும் தேவைப்படவில்லை. அளவு மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு 50% என்பதற்குக் கிடையாது, ஏனென்றால் சீருடை வாங்கும் அம்மாவின் உண்மையான கவலை அதுதான்.

பெயர் போட்டு அனுப்பலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் தெரிந்ததையெல்லாம் காட்டிக்கொள்ளாதீர்கள். "போன மாதம் நீங்கள் வாங்கிய சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்குமே" என்று ஒரு மெடிக்கலில் இருந்து வந்தால், கேட்டு வாங்கிய நினைவூட்டலாக இருந்தால் உதவி, கேட்காமல் வந்தால் பயம். அதுவும் அந்த போன் மகன் கையில் இருந்தால்?

படி 7: எப்போது, எத்தனை

இரவு 9 முதல் காலை 9 வரை விளம்பரம் போகக்கூடாது என்பது 2010 விதியிலேயே இருந்தது, இப்போது எந்த நேரம், எந்த நாள் வேண்டாம் என்பதை வாடிக்கையாளரே பதிவு செய்யவும் முடியும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம் ஊர் நடைமுறையைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு முன் வீட்டில் யாருக்கும் நேரமில்லை. மதியம் சாப்பாடு முடிந்த பிறகு, அல்லது மாலை ஐந்து, ஆறு மணி பரவாயில்லை. சம்பளம் வரும் வாரத்தில் மளிகை, முகூர்த்த மாதத்துக்கு மூன்று வாரம் முன்பே ஜவுளி என்று பொருளுக்கு ஏற்ப நாள் பாருங்கள்.

மாதத்துக்கு ஒன்று என்று சொல்லி வாங்கினால் ஒன்றுதான். தீபாவளிக்கு மட்டும் ஒன்று கூடுதலாக அனுப்புவது என்றால் அதையும் சீட்டிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த மெசேஜ்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று பார்க்காது. டிசம்பரில் புயல் வந்து தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது, போனில் மிச்சமிருக்கும் சார்ஜை வைத்து உறவினர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு கிறிஸ்துமஸ் ஆஃபர் வந்தால் அதை அவர் மறக்கமாட்டார். அந்த மாதிரி நேரத்தில் நிறுத்தும் அதிகாரம் யாரிடம், எந்த நம்பரைக் கூப்பிடவேண்டும் என்பதை அனுப்பும் நிறுவனத்திடம் முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

படி 8: வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பலர் இதைக் குறையாக நினைக்கிறார்கள். எனக்கு இது வாட்ஸ்அப்பின் மிக நல்ல ஏற்பாடாகத் தெரிகிறது. சேமித்து வைத்தவர் என்றால் அவருக்கு உங்கள் கடை வேண்டும் என்று அர்த்தம். "எங்க நம்பரை சேவ் பண்ணிட்டு ஒரு ஹாய் அனுப்புங்க" என்று கவுன்டரில் கியூஆர் ஒட்டி வைத்தால், முதல் மெசேஜ் அவரிடமிருந்து வரும்.

குரூப் ஆரம்பித்து எல்லோரையும் அதில் தள்ளாதீர்கள். குரூப்பில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். புடவைக் கடை நம்பி நம்பர் கொடுத்த பெண்ணுக்கு, அந்தக் குரூப்பில் இருந்த முகம் தெரியாத ஒருவர் இரவு பதினொரு மணிக்கு ஹாய் அனுப்புகிறார். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அவர் அந்த ஆளை பிளாக் செய்வார், குரூப்பைவிட்டு வெளியேறுவார், உங்கள் கடைக்கும் வரமாட்டார், ஏன் என்றும் சொல்லமாட்டார்.

தினமும் குட் மார்னிங் படத்தின் ஓரத்தில் கடை லோகோ ஒட்டி அனுப்புவதும் வேண்டாம். புதுச் சரக்கைக் காட்ட ஸ்டேட்டஸ் இருக்கிறது, வேண்டியவர் திறந்து பார்ப்பார்.

படி 9: ஆன்லைன் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு

ஃபேஸ்புக், இன்ஸ்டா, கூகுள் வழியாகக் காசு கட்டி விளம்பரம் போடுபவர்கள் அது தெரியும் எல்லையைக் கடையைச் சுற்றி ஐந்து, பத்து கிலோமீட்டருக்குள் வையுங்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அதே பொருளையே திரும்பத் திரும்பக் காட்டாமல் விலக்குங்கள். கிளிக் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவேண்டாம், சின்ன திரையில் மூடும் பட்டனைத் தேடும் கட்டைவிரல் விளம்பரத்தில் பட்டால் அதுவும் கிளிக்தான்.

எந்த வடிவம் எரிச்சலூட்டும் என்பதற்கு நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. கோயலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ் என்ற அமைப்பு ஆயிரக்கணக்கான மக்களிடம் கேட்டு, மொபைலில் ஏற்கமுடியாதவை என்று எட்டு வகைகளைப் பட்டியலிட்டது: திடீரென்று மேலே எழும் பாப்-அப், பக்கம் திறக்கும் முன் மறைக்கும் விளம்பரம், திரையின் பெரும்பகுதியில் ஒட்டிக்கொண்டு நகராதது, சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோ, பளிச் பளிச் என்று மின்னுவது போன்றவை. 2019 ஜூலை முதல் உலகம் முழுக்க குரோம் பிரவுசர், இவற்றைத் தொடர்ந்து காட்டும் தளங்களில் விளம்பரத்தையே வடிகட்டுகிறது. உங்கள் விளம்பரம் எங்கே, எந்த வடிவில் வருகிறது என்று டிஜிட்டல் ஏஜென்சியிடம் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். பஸ்ஸில் ஹெட்போன் இல்லாமல் செய்தி படித்துக்கொண்டிருப்பவர் போனில் உங்கள் கடைப் பாட்டு திடீரென்று அலறினால், திரும்பிப் பார்க்கும் அத்தனை பேர் முன்னாலும் அவர் கூசிப்போவார்.

படி 10: வேண்டாம் என்றவரையும் எண்ணுங்கள்

மெசேஜைப் பார்த்து வந்தார்களா என்று தெரிந்துகொள்ள பெரிய மென்பொருள் வேண்டாம். பில் போடும்போது "மெசேஜ் பார்த்தீங்களா?" என்று கேட்டு ஒரு நோட்டில் கோடு போட்டால் போதும். அதே நோட்டில் எதிர்ப் பக்கம் எத்தனை பேர் நிறுத்தச் சொன்னார்கள் என்றும் எழுதுங்கள். ஏஜென்ட் தரும் ரிப்போர்ட்டில் டெலிவரி ஆனது எவ்வளவு என்று மட்டும்தான் இருக்கும், போனுக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் படித்ததற்கும் சம்பந்தமில்லை. ஒரு மெசேஜுக்குப் பிறகு நிறுத்தச் சொன்னவர்கள் திடீரென்று கூடியிருந்தால், அந்த மெசேஜின் வாசகம், நேரம், பொருள் மூன்றையும் எடுத்து வைத்துப் பாருங்கள்.

நிறுத்தச் சொன்னவரின் நம்பரை அன்றைக்கே எடுத்துவிடவேண்டும். அடுத்த முறை அவர் கடைக்கு வரும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கக்கூடாது. மெசேஜ்தான் வேண்டாம் என்றார், கடை வேண்டாம் என்று சொல்லவில்லை.

படி 11: ஏற்கெனவே கையில் இருக்கும் பழைய லிஸ்ட்

இதைப் படிக்கும் பலரிடம் இந்த மாதிரி எதுவும் கேட்காமல் பல வருடமாகச் சேர்த்த நம்பர்கள் கம்ப்யூட்டரில் கிடக்கும். அதை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். ஏஜென்ட் கொடுத்தது, வேறு கடையிடம் வாங்கியது, எங்கிருந்து வந்தது என்றே தெரியாதது எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பேக்கப் எடுத்து வைத்த பென் டிரைவ், பழைய மேனேஜர் ஈமெயிலில் கிடக்கும் எக்செல் ஷீட் உட்பட. உங்கள் கடையில் பொருள் வாங்கியவர்கள் நம்பருக்கும் இனி விளம்பரம் அனுப்பாதீர்கள், வாரண்டி, சர்வீஸ், ரிப்பேர் தயார் என்று அவர்களுக்குத் தேவைப்படும் சேவைத் தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அடுத்த முறை கடைக்கு வரும்போது சீட்டை நீட்டிக் கேளுங்கள். ஒரு தீபாவளி முடிந்து அடுத்த தீபாவளி வரைக்கும் வராதவர்களின் நம்பரை, பொருளுக்கு வாரண்டி பாக்கி இல்லை என்றால், அதையும் எடுத்துவிடலாம்.